நீல டிக் எதற்குச் சாட்சி? டேட்டிங் ஆப்களின் பாதுகாப்பு வசதிகள்: ஒரு விமர்சனம்

டேட்டிங் ஆப் எதைத் திறந்தாலும் இப்போது கேடயப் படம் போட்ட ஒரு மூலை இருக்கிறது. நீல டிக், செல்ஃபி சரிபார்ப்பு, மங்கலாக்கிய படம், 'இதை அனுப்பத்தான் வேண்டுமா?' என்று இடைமறிக்கும் குறிப்பு என்று வசதிகளுக்குக் குறைவில்லை. டிண்டர், பம்பிள், ஹிஞ்ச் மூன்றிலும் இருக்கும் முக்கியமான வசதிகளையும், ஆப்புக்கு வெளியே காசில்லாமல் கிடைக்கும் சில கருவிகளையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம். அளவுகோல் ஒன்றுதான். பணமோ படமோ பறிபோகும் பாதையில் இந்த வசதி எந்த இடத்தில் குறுக்கே நிற்கிறது?

அந்தப் பாதை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. மேட்ச் ஆன, அதாவது இருவரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறது என்று தட்டிய, அன்றோ மறுநாளோ, 'நான் இந்த ஆப்பை அதிகம் திறக்கிறதில்லை, வாட்ஸ்அப்புக்கு வந்துடலாமா?' என்று கேட்பார்கள். அங்கே போனதும் காலை வணக்கம், சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா என்று சில வாரங்கள் அன்பு கொட்டும். பிறகு பணப் பேச்சு இரண்டு வாசல்களில் ஒன்றின் வழியாக நுழையும்: ஆபத்து அல்லது ஆதாயம். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையத்திடம் 2022-ல் கிட்டத்தட்ட 70,000 பேர் காதல் மோசடிப் புகார் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன மொத்த இழப்பு 130 கோடி டாலர். அந்தப் புகார்களில் அதிகம் வந்த பொய், 'எனக்கோ என்னைச் சேர்ந்தவருக்கோ உடம்பு சரியில்லை, அடிபட்டுவிட்டது, சிறையில் இருக்கிறார்' என்பது, 24 சதவீதம். 'முதலீடு செய்யக் கற்றுத் தருகிறேன்' என்பது 18 சதவீதம். இன்னொரு கணக்கும் அதே அறிக்கையில் இருக்கிறது. பணம் இழந்தவர்களில் 40 சதவீதம் பேருக்கு முதல் தொடர்பு சமூக வலைத்தளத்தில் ஏற்பட்டது. ஒரு இணையதளத்திலோ ஆப்பிலோ தொடங்கியது என்றவர்கள் 19 சதவீதம்.

ஆக, ஆப்பின் காவல் முழுக்க வெறும் அலங்காரம் என்று சொல்ல முடியாது. ஆனால் காவலாளி வாசலோடு நின்றுவிடுகிறார், திருட்டோ தெருமுனையில் நடக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நீல டிக்: 5-க்கு 3

டிண்டரில் படச் சரிபார்ப்பு 2020-ல் வந்தது. பம்பிளில் அதற்கும் முன்னால், 2016-லேயே. ஹிஞ்சில் 2022-ல். செய்முறை ஏறக்குறைய ஒன்றுதான். ஆப் சொல்கிறபடி முகத்தைக் காட்டி ஒரு செல்ஃபியோ சிறு வீடியோவோ எடுக்க வேண்டும். மென்பொருள் இரண்டே கேள்விகளுக்கு விடை தேடும். கேமரா முன்னால் இருப்பது உயிருள்ள ஆளா, அந்த முகமும் ப்ரொஃபைல் படத்தில் இருக்கும் முகமும் ஒன்றா. இரண்டுக்கும் ஆம் என்றால் டிக் விழும்.

பெயர், வேலை, ஊர், திருமணம் ஆனவரா இல்லையா, எதையும் அந்த டிக் பார்ப்பதில்லை. அடுத்தவர் படத்தைத் திருடி ஒட்டிய கணக்குகளை அது நன்றாகவே வடிகட்டும். சொந்த முகத்தோடு வந்து ஏமாற்றுகிறவரை அது என்ன செய்யும்? சரிபார்த்த கணக்குகளைக் கைமாற்றி விற்பதும் நடக்கிறது. தென்கிழக்கு ஆசிய மோசடி முகாம்களில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிப்பட்ட வேலைகளில் கட்டாயமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் மதிப்பிட்டது. அன்பாகப் பேசும் அந்த விரல்கள் சில நேரம் இன்னொரு பலியாளுடையவை.

டிக்கை எப்படிப் பயன்படுத்தினால் லாபம்? நீங்கள் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் டிண்டரில், சரிபார்த்தவர்கள் மட்டுமே எனக்குச் செய்தி அனுப்பலாம் என்று வைத்துவிடலாம். இந்த ஒரு அமைப்பு குப்பையில் பெரும்பங்கைக் கூட்டித் தள்ளிவிடும். டிக் இல்லாத ஒருவரோடு பேச்சு நன்றாகப் போகிறதென்றால், 'அந்தச் சரிபார்ப்பை முடிச்சுடுங்களேன்' என்று சாதாரணமாகக் கேளுங்கள். கேமரா பழுது என்பார்கள். ஆனால் படம் மட்டும் நாளுக்கு நான்கு வரும். விடை அங்கேயே இருக்கிறது.

டிக்கைச் சுற்றி ஒரு பொறியும் உண்டு. 'என்னை ஏற்கெனவே ஒருத்தர் ஏமாத்திட்டாங்க, அதனால இந்த லிங்க்ல போய் நீங்க பாதுகாப்பான ஆள்னு பதிவு பண்ணிடுங்க, இலவசம்தான்' என்று ஒரு முகவரி வரும். உள்ளே போனால் பெயர், தொலைபேசி எண், கடைசியில் கார்டு எண் கேட்பார்கள். வயதை உறுதிசெய்ய மட்டும்தான் என்று எழுதியிருக்கும். பிறகு மாதாமாதம் பணம் போகும், கொடுத்த விவரங்களும் கைமாறும். எஃப்.பி.ஐ. 2024-ல் இதற்கென்றே தனி எச்சரிக்கை வெளியிட்டது. சரிபார்ப்பு என்பது ஆப்பின் அமைப்புகளுக்குள்ளேயே நடப்பது. மேட்ச் ஆனவர் அனுப்பும் லிங்க்கில் நடப்பது எதுவும் சரிபார்ப்பு ஆகாது.

டிண்டர் 2025-ல் சில இடங்களில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் கட்டாயமாக்கிய முகச் சோதனை இதைவிட ஒரு படி மேல். ஒரே முகம் பல கணக்குகளில் உலவுகிறதா என்றும் அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. கூட்டமாகக் கணக்கு திறப்பவர்களின் வயிற்றில் அடிப்பது இதுதான். அரசு அடையாள அட்டையைக் காட்டும் சரிபார்ப்பு இன்னும் பலமானது, பெயரும் வயதும் அதில் மாட்டிக்கொள்ளும். ஆனால் அட்டையைக் கொடுப்பதில் வேறொரு விலை இருக்கிறது. ஆண்களைப் பற்றிப் பெண்கள் எச்சரிக்கை பகிர்ந்துகொள்ளத் தொடங்கப்பட்ட டீ என்ற ஆப்பிலிருந்து 2025 ஜூலையில் சுமார் 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் சுமார் 13,000, சரிபார்ப்புக்காகக் கொடுத்த செல்ஃபிகளும் அடையாள அட்டைப் படங்களும். பாதுகாப்புக்கென்றே பிறந்த ஆப்பின் கதி அது. எனவே பெரிய, பழைய ஆப் ஒன்றில் கொடுக்கலாம். நேற்று முளைத்த ஆப்புக்கு அட்டை கொடுக்க வேண்டாம்.

படத் தேடல்: 5-க்கு 3, ஆனால் முதல் நாளே செய்ய வேண்டியது

ப்ரொஃபைல் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகமும் பின்னணியும் மட்டும் இருக்கும்படி வெட்டி, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸிலும் டின்ஐ (TinEye) தளத்திலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. டின்ஐ அதே படத்தின் நகலைத் தேடும். எந்த நகல் பழையது என்று வரிசைப்படுத்தியும் காட்டும். அதே ஆளின் வேறு படத்தை அது கண்டுபிடிக்காது. கூகுள் லென்ஸ் பின்னணியை நன்றாகப் பிடிக்கும், ஆனால் தனிமனித முகங்களைப் பொருத்துவதில் வேண்டுமென்றே அடக்கி வாசிக்கும். முகத்தைப் பிடிப்பதில் யாண்டெக்ஸ் படத் தேடல் இரண்டையும்விடக் கெட்டிக்காரன்.

ஒன்றும் வரவில்லை என்றால் உடனே நிம்மதி அடைய வேண்டாம். படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவது பழைய தந்திரம், அதிலேயே சில தேடல்கள் தடுமாறும். நீங்களும் அதை மறுபடி திருப்பிப்போட்டு ஒருமுறை தேடுங்கள். சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மூடுகிறது, பின்னணியில் இருக்கும் எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்தாலே திருப்பியது தெரிந்துவிடும். கணினி வரைந்த முகமாக இருந்தால் தேடலில் பெரும்பாலும் எதுவும் வராது, ஏனென்றால் அப்படி ஒரு ஆளே இல்லை. அதனால் ஒரே கோணத்தில் எடுத்த மூன்று அழகான முகப் படங்கள் மட்டும் இருந்து, வேறு ஆட்களோடு நிற்கும் படம் ஒன்றுகூட இல்லாவிட்டால், தேடலில் எதுவும் வராததே ஒரு குறிப்பு.

இதே கத்தி உங்கள் பக்கமும் திரும்பும். இன்ஸ்டாகிராமில் போட்ட அதே படத்தை டேட்டிங் ஆப்பிலும் போட்டால், யாரும் அரை நிமிடத்தில் உங்கள் முழுப் பெயருக்கு வந்துவிடலாம். ஆப்புக்கென்று வேறெங்கும் போடாத படங்களைத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி நம்பர், கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டை, வீட்டு முகப்பு படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீடியோ அழைப்பு: 5-க்கு 4

ஆப்புக்குள்ளேயே வீடியோ அழைப்பு இருந்தால் அதுதான் இந்தப் பட்டியலிலேயே உருப்படியான வசதி. பம்பிளில் 2019 முதல் இருக்கிறது. தொலைபேசி எண்ணைக் கொடுக்காமலே முகம் பார்க்கலாம் என்பது பெரிய லாபம். வாட்ஸ்அப்புக்குப் போனால் உங்கள் எண் போய்விடுகிறது. எண் போனால் பெயர், வேலை, வீடு என்று நூல் பிடித்துக்கொண்டே வரலாம். ஆப்பை விட்டுப் போயே ஆக வேண்டுமென்றால் சிக்னல் என்ற மெசேஜ் ஆப் பரவாயில்லை. 2024 முதல் அதில் எண்ணை மறைத்து, பயனர்பெயரை மட்டும் கொடுக்க முடிகிறது.

ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது? நேரலையில் முகம் மாற்றும் மென்பொருள் வந்துவிட்டது. ஹாங்காங் காவல்துறை 2024 அக்டோபரில் பிடித்த ஒரு கும்பல், வீடியோ அழைப்பில் போலி முகத்தைக் காட்டியே காதல் வலை விரித்திருந்தது. முகாம்களில் வீடியோவில் தோன்றுவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைப்பதும் உண்டு. அப்போது நீங்கள் பார்ப்பது உண்மையான முகம்தான், தட்டச்சு செய்வது வேறு ஆள்.

எனவே அழைப்பில் வெறுமனே பேசிக்கொண்டிருக்காமல் சில காரியங்களைச் செய்யச் சொல்லுங்கள். தலையை முழுப் பக்கவாட்டுக்குத் திருப்பி, காதும் தாடையும் தெரிய சில விநாடி நிற்கச் சொல்லலாம். விரல்களை விரித்து முகத்துக்குக் குறுக்கே மெதுவாகக் கொண்டுபோகச் சொல்லலாம். போலி முகம் என்றால் இந்த இடங்களில்தான் விளிம்பு நடுங்கும், விரலின் மேல் கன்னம் ஏறும், கண்ணாடி ஒரு கணம் காணாமல் போகும். மென்பொருள் மாதாமாதம் தேறிக்கொண்டே வருகிறது. அதனால் நடுங்கவில்லை என்பது ஒரு சான்றாகாது, நடுங்கியது என்பது சான்று. இதைவிடப் பயனுள்ள சோதனை, முன்கூட்டியே சொல்லாமல் கேட்பது. 'அஞ்சு நிமிஷத்துல ஒரு வீடியோ கால் பேசலாமா?' என்று பல நாள், பல நேரங்களில் கேட்டுப் பாருங்கள். நிஜமான ஆள் ஒருநாள் தலை வாராமல் வந்து நிற்பார். முகத்தை வாடகைக்கு எடுத்தவருக்கு எப்போதும் முன்பதிவு தேவைப்படும். வந்தாலும் ஒரு நிமிடத்தில் நெட் போய்விடும்.

மேட்ச் காட்டும் முதலீட்டுத் தளம்: மதிப்பெண் இல்லை, உள்ளே இருப்பதைப் பார்ப்போம்

பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்ற பொருளில் சீன மொழியிலிருந்து வந்த பெயர் இந்த மோசடிக்கு நிலைத்துவிட்டது. ஏமாந்தவரைப் பன்றி என்பது அவரைப் புகார் கொடுக்கவிடாமல் வெட்கப்பட வைக்கிறது, அந்தச் சொல்லை விடுங்கள் என்று இன்டர்போல் 2024 டிசம்பரில் கேட்டுக்கொண்டது. பெயர் எதுவானாலும் அதன் உறுப்புகளைத் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் படிக்காதவர்களோ பேராசைக்காரர்களோ அல்ல. கவனமாகச் சோதித்துப் பார்ப்பவர்களையே இது குறிவைக்கிறது.

முதலில் யாரும் உங்களிடம் பணம் கேட்கமாட்டார்கள். 'இன்னிக்கு ஒரு சின்ன லாபம் வந்துச்சு' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் விழும். நீங்களாகக் கேட்கும்வரை பொறுத்திருப்பார்கள். பிறகு கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்கும் உண்மையான ஒரு எக்ஸ்சேஞ்சில் கணக்கு திறக்கச் சொல்வார்கள். நம்பிக்கை இங்கேதான் விதைக்கப்படுகிறது, அந்த எக்ஸ்சேஞ்ச் நிஜமானது என்பதால். அதில் பெரும்பாலும் டாலர் மதிப்பை ஒட்டி இருக்கும் யு.எஸ்.டி.டி. என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்கி, அவர்கள் சொல்லும் தளத்தின் வாலட் (கிரிப்டோ பணப்பை) முகவரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய அந்த நொடியே பணம் போய்விட்டது. அதற்குப் பிறகு திரையில் ஏறுவதும் இறங்குவதும் யாரோ ஒருவர் தட்டும் எண்கள்.

உஷாரானவர் சிறு தொகையை எடுத்துப் பார்ப்பார். அது வரும்! வர வைப்பார்கள். அடுத்த தொகையைப் பெரிதாக இறக்குவதற்கு அவர்கள் கொடுக்கும் முன்பணம் அது. எனவே 'பணத்தை எடுத்துப் பார்த்தேன், வந்தது' என்பது இந்த விஷயத்தில் சோதனையே அல்ல. பெரிய தொகையை எடுக்கப் போகும்போதுதான் 'வரி' வரும், 'சரிபார்ப்புக் கட்டணம்' வரும், 'கணக்கு முடக்கம்' வரும். அதைப் புதிதாகக் கட்ட வேண்டும், இருப்பிலிருந்து கழிக்க முடியாது என்பார்கள். குட்டு உடையும் இடம் இதுதான். கணக்கில் இருக்கும் உங்கள் பணத்திலிருந்தே கட்டணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாத தரகு நிறுவனம் உலகத்தில் கிடையாது.

அனுப்புவதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஐகேன் லுக்அப் பக்கத்தில் அந்தத் தளத்தின் முகவரியைக் கொடுத்தால் அது எந்தத் தேதியில் பதிவானது என்று வரும். பத்து வருட நிறுவனம் என்று சொல்லிக்கொள்ளும் தளத்தின் பிறந்தநாள் போன மாதமாக இருக்கும். இரண்டாவது, ஆப்பை எப்படி நிறுவச் சொல்கிறார்கள் என்பது. பிளே ஸ்டோரில் தேடி எடுக்கச் சொல்லாமல் லிங்க் அனுப்பி, ஆண்ட்ராய்டில் ஆப்பை நேரடியாக நிறுவும் ஏ.பி.கே. கோப்பை இறக்கச் சொன்னாலோ, ஐபோனில் டெஸ்ட்ஃபிளைட் வழியாகப் போடச் சொன்னாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். டெஸ்ட்ஃபிளைட் என்பது வெளிவராத ஆப்களைச் சோதிப்பதற்கான வழி. ஆப் ஸ்டோரின் முழுப் பரிசோதனையைத் தாண்டிக் குதிக்க மோசடிக்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆபத்து வாசலில் வருபவை இவ்வளவு நுணுக்கமாக இருப்பதில்லை. கிஃப்ட் கார்டு வாங்கி, பின்னால் சுரண்டி, எண்ணைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். இதற்கு விதிவிலக்கு தேட வேண்டாம். 'தப்பா உங்க நம்பருக்கு ஒரு ஆறு இலக்கக் கோடு வந்திருக்கும், கொஞ்சம் சொல்லுங்களேன்' என்பது உங்கள் வாட்ஸ்அப் கணக்கைத் தூக்குவதற்கு. வாட்ஸ்அப் அமைப்புகளில் அக்கவுன்ட் பகுதிக்குப் போய் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, ஒரு ஆறு இலக்க பின் வைத்துவிட்டால், அசந்த நேரத்தில் அந்தக் குறியீட்டு எண்ணைச் சொல்லிவிட்டாலும் கணக்கு உடனே பறிபோகாது.

மங்கலாக்கும் வடிகட்டி: 5-க்கு 2

பம்பிள் 2019-ல் கொண்டுவந்த பிரைவேட் டிடெக்டர், நிர்வாணப் படம் வந்தால் மங்கலாக்கிவிட்டு, பார்க்கிறீர்களா வேண்டாமா என்று கேட்கும். 2022-ல் அதன் மென்பொருளை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வெளியிட்டார்கள், பாராட்ட வேண்டிய செயல். டிண்டரின் 'நிச்சயமாகவா?' குறிப்பு, வசைச் சொல் தட்டுகிறவரை அனுப்பும் முன் ஒருகணம் நிறுத்தும். தினசரி அசிங்கத்தைக் குறைக்க இரண்டும் நல்லவை.

மதிப்பெண் குறைவதற்குக் காரணம், பெரிய சேதம் எதிர்த் திசையில் நடப்பதுதான். உங்களுக்கு வரும் படத்தைவிட உங்களிடமிருந்து போகும் படம்தான் மிரட்டலுக்குப் பயன்படுகிறது. அதுவும் ஆப்புக்கு வெளியே. எதிராளி முதலில் தன்னுடையது என்று ஒரு படத்தை அனுப்புவார், பதிலுக்குக் கேட்பார், நீங்கள் அனுப்பிய சில நிமிடங்களில் உங்கள் நண்பர்கள் பட்டியல் ஸ்கிரீன்ஷாட்டாகத் திரும்பி வரும்.

அப்படி நேர்ந்துவிட்டால் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தவரிடம் மறுபடி கேட்பார்கள், கொடுக்கக்கூடியவர் என்று தெரிந்துவிட்டதால். முதல் வேலை, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. பிறகு உங்கள் சமூக வலைத்தளங்களில் நண்பர் பட்டியலை மறைத்துவிட்டு, பதில் சொல்லாமல் பிளாக் செய்து, காவல்துறையில் புகார் கொடுங்கள். ஸ்டாப்-என்.சி.ஐ.ஐ. என்ற இலவச சேவை 2021 டிசம்பர் முதல் இயங்குகிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் உருவாகி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், பம்பிள் முதலிய தளங்களுக்குப் போகும். அதே படத்தை அங்கே யாராவது ஏற்றினால் தளம் அடையாளம் கண்டு தடுக்க வழி பிறக்கும். சேராத தளங்களில் பலிக்காது, படத்தை வெட்டியோ திருத்தியோ ஏற்றினாலும் நழுவக்கூடும். 18 வயதுக்குள் எடுத்த படமென்றால் அதற்கு டேக் இட் டவுன் என்று தனி சேவை இருக்கிறது. 5-க்கு 4 கொடுக்கலாம் இவற்றுக்கு.

இருப்பிடம்

இதை இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம், ஆனால் தள்ளிப்போடக் கூடாது. எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்று ஆப் காட்டுவது அப்பாவித்தனமாகத் தெரியும். தன் இடத்தைப் பொய்யாக மாற்றிக்கொண்டே மூன்று புள்ளிகளிலிருந்து அந்தத் தூரத்தை அளந்தால், வட்டங்கள் வெட்டும் இடத்தில் உங்கள் வீடு இருக்கும். பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் 15 டேட்டிங் ஆப்களைப் பரிசோதித்து, பம்பிளும் ஹிஞ்சும் உட்பட சிலவற்றில் இந்த வகை ஓட்டையைக் காட்டினார்கள். சொன்ன பிறகு நிறுவனங்கள் அடைத்தன. அடுத்த ஓட்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 12-லிருந்து தோராய இருப்பிடம் என்றும், ஐபோனில் ஐ.ஓ.எஸ். 14-லிருந்து துல்லிய இருப்பிடம் என்றும் ஒரு பொத்தான் ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியாக இருக்கிறது. முதலாவதைத் தேர்ந்தெடுங்கள், இரண்டாவதை அணைத்துவிடுங்கள். ஆப் ஒழுங்காகவே வேலை செய்யும்.

சந்திப்பைப் பகிர்தல்: 5-க்கு 3

டிண்டர் 2024-ல் கொண்டுவந்த ஷேர் மை டேட், யாரை எங்கே எப்போது சந்திக்கப் போகிறீர்கள் என்பதை அவர் படத்தோடு ஒரு லிங்க்காக நம்பிக்கையானவருக்கு அனுப்ப உதவுகிறது. 30 நாள் முன்கூட்டியே போட்டுவைக்கலாம். ஆனால் பலர் நினைப்பதுபோல இது நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டே இருப்பதில்லை. திட்டத்தைத்தான் காட்டுகிறது. இடம் மாறிவிட்டால் வீட்டில் இருப்பவருக்குத் தெரியாது.

அதனால் கூடவே வாட்ஸ்அப்பின் நேரலை இருப்பிடத்தையும் போடுங்கள். அதில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்றுதான் உண்டு. ஒரு மணி என்று போட்டால் சந்திப்பு சூடு பிடிக்கும் நேரத்தில் அணைந்துபோகும், எட்டைத் தேர்ந்தெடுங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும். போகவும் வரவும் உங்கள் சொந்த ஏற்பாடாக இருக்கட்டும். பானம் உங்கள் கண் முன்னால் வந்து, மேசையை விட்டு நீங்கள் எழும்போது காலியாகவோ கையிலோ இருக்கட்டும். தோழியிடமோ நண்பரிடமோ ஒரு நேரம் சொல்லிவையுங்கள்: 'ஒன்பது மணிக்கு நான் மெசேஜ் போடலைன்னா நீ கால் பண்ணு, எடுக்கலைன்னா இந்த இடத்துக்கு ஆளைக் கூட்டிட்டு வா.' கடைசிப் பாதியைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கம். அழைத்தும் எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் அந்த நண்பர் அரைமணி நேரம் தவிப்பார்.

ரிப்போர்ட் பொத்தான்: 5-க்கு 3, வரிசை மாறினால் 1

பொத்தான் எல்லா ஆப்பிலும் இருக்கிறது. சிக்கல், அதை அழுத்தும் வரிசையில். கோபத்தில் முதலில் அன்மேட்ச் செய்து மேட்ச்சை முறித்துவிட்டால் உரையாடல் உங்கள் திரையிலிருந்து போய்விடும். எதிராளி அன்மேட்ச் செய்தாலும் அதே கதை, மோசடிக்காரர்கள் வேலை முடிந்ததும் செய்வது அதைத்தான். எனவே சந்தேகம் தட்டிய உடனேயே, ரிப்போர்ட் செய்வதற்கும் முன்னால், ப்ரொஃபைல் பக்கம், எல்லாப் படங்கள், தேதி தெரியும்படி உரையாடல், தொலைபேசி எண், அவர் அனுப்பிய லிங்க் அத்தனையையும் எடுத்துவையுங்கள். வாலட் முகவரியையும் பரிவர்த்தனைக் குறியீட்டையும் படமாக மட்டும் வைக்காமல் எழுத்தாக நகலெடுத்து ஒட்டிவையுங்கள். நீளமான அந்த எழுத்துவரிசையில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்தாலும் அது விசாரணைக்கு உதவாது. அடுத்து ரிப்போர்ட், அதற்கு அடுத்துதான் பிளாக்.

பணம் போயிருந்தால் ஆப்புக்குச் சொல்வதற்கு முன்னால் வங்கியை அழையுங்கள். மோசடி என்ற சொல்லையே பயன்படுத்துங்கள், பணத்தைத் திரும்ப அழைக்கும் கோரிக்கை போடச் சொல்லுங்கள், புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே நாட்கணக்கு உதவாது, மணிக்கணக்குதான். கார்டில் போன பணத்துக்கு மறுப்புக் கோரிக்கை வழி இருக்கிறது. கிரிப்டோவாகப் போயிருந்தால் நீங்கள் அனுப்பிய எக்ஸ்சேஞ்சுக்கு அந்த வாலட் முகவரியைக் கொடுங்கள். வழியில் வேறொரு எக்ஸ்சேஞ்சில் பணம் தங்கினால் முடக்கச் சின்ன வாய்ப்பு உண்டு.

சில வாரங்களில் இன்னொருவர் வருவார். போன பணத்தை மீட்டுத் தரும் வழக்கறிஞர் என்றோ, ஹேக்கர் என்றோ, அரசு அதிகாரி என்றோ. எவ்வளவு போனது என்பதைச் சரியாகச் சொல்வார், அதனாலேயே நம்பத் தோன்றும். தொகை அவருக்கு எப்படித் தெரியும்? ஏமாந்தவர்களின் பட்டியலும் கைமாறி விற்கப்படுகிறது, சில நேரம் பணத்தை எடுத்தவர்களே வேறு பெயரில் திரும்பி வருகிறார்கள். முன்கூட்டியே கட்டணம் கேட்டால் அந்த எண்ணையும் அதே கோப்பில் சேர்த்து, முதல் புகார் எண்ணைக் குறிப்பிட்டுக் காவல்துறைக்கு அனுப்பிவிடுங்கள்.